நூறு வாட்ஸ் பொறாமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பா அறுவடை பாதி முடிந்தும் முடியாமலும் இருந்த தை மாதத்தில், தஞ்சாவூரில் எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு வலி வந்தது. ஒன்று கடைவாய்ப் பல்லில். இன்னொன்று எங்கள் சபைப் பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரால். முதல் வலிக்கு மருந்து இரண்டாவது வலியின் கையில் இருந்ததுதான் என் தலையெழுத்து.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தெட்டு. விவசாயிகளுக்குத் தண்ணீர் மோட்டார் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் கிட்டார் வாசிப்பேன். மின்சாரமெல்லாம் இல்லாத சாதாரண மரக் கிட்டார். இருபத்திரண்டு வருடமாக அதே கிட்டார், அதே பிளாஸ்டிக் நாற்காலி. பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஜிங்சக் ஜிங்சக்கென்று தாளத்தைப் பிடித்துக்கொண்டு, கூடவே பாடிக்கொண்டும் போவேன். ஆனாலும் சபையில் ‘கிட்டார்காரர்’ என்றால் அது நான் ஒருவன்தான். அந்தப் பட்டத்தை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அதற்கு இன்னொரு ஆள் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முடி முழுசாக இருந்தது. பல் டாக்டர் என்பதால் பல்லும் வரிசையாக இருந்தது. இந்த இரண்டையும் நான் மன்னித்துவிட்டேன். ஆனால் அவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது எலக்ட்ரிக் கிட்டார். ஒரு சின்னப் பெட்டியைக் காலடியில் வைத்து, ஆலயத்து மைக் செட்டோடு இணைத்து, இரண்டு சரணங்களுக்கு நடுவில் ஒரே ஒரு வரி வாசித்தார். பெண்கள் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அந்த வரிசையில் என் மனைவியும் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, “அந்தத் தம்பி வாசிச்சதுல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க” என்றாள். என் வாசிப்பில் அவள் கண் கலங்கியது ஒரே ஒரு முறைதான். அன்றைக்குக் கிட்டார் பெட்டியை அவள் கால் விரல் மேல் வைத்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. பாடும்போதெல்லாம் டாக்டர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி என் வாசிப்பில் சொத்தை தேடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அதனால் பல் வலி உயிரைப் பிடுங்கினாலும் அவரிடம் போவதில்லை என்று சபதம். ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் கொயர் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய குரல் தேன் மாதிரி இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“ஈஸ்டர் அதிகாலை ஆராதனைப் பாட்டு இருக்குல்ல, அதுக்கு எலக்ட்ரிக்தான் எடுப்பா இருக்கும். டாக்டர் வாசிக்கட்டும். நீங்க ஒரு தடவை ரெஸ்ட் எடுத்துக்குங்களேன்.”

எங்கள் தொழிலில் ஒரு மோட்டாருக்கு ரெஸ்ட் கொடுத்தால், அடுத்த மாதம் அது பழைய இரும்புக் கடையில் கிடக்கும். பயத்தில் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

“எலக்ட்ரிக்தானே சார்? நானும் வாசிப்பேன். வீட்ல வச்சிருக்கேன்.”

“அட, சொல்லவே இல்லியே! அப்ப அறுப்பின் பண்டிகை முடிஞ்ச மறு சனிக்கிழமை எடுத்துட்டு வாங்க. உங்களையும் கேட்டுட்டு முடிவு பண்ணிடலாம்.”

வீட்டில் எலக்ட்ரிக் அரிசிக் குக்கர்தான் இருந்தது. கிட்டார் இல்லை. கையில் மூன்று வாரம்.

திங்கட்கிழமையே திருச்சிக்குப் பஸ் ஏறினேன். இசைக் கருவிக் கடையில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தது. ஆனால் ஆம்ப்ளிபயர் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி டொய்ங் என்கிறது. சரி, ஆம்ப்ளிபயரும் பார்ப்போம் என்றேன். கடைக்காரர் நல்ல மனிதர்.

“எங்க வச்சு வாசிக்கப் போறீங்க சார்?”

“வீட்லதான். பழகறதுக்கு.”

“அப்ப பத்து வாட்ஸ் போதும். இருபதுன்னா தாராளம். எட்டு இஞ்சு ஸ்பீக்கர், ஹெட்போன் மாட்ட ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வாட்ஸைப் பார்த்து வாங்காதீங்க சார். சத்தத்தை நல்லாக் குறைச்சு வச்சு வாசிச்சுப் பாருங்க. குறைச்சு வச்சாலும் எது இனிமையாக் கேக்குதோ அதை எடுத்துக்குங்க.”

இவ்வளவு பெரிய ஞானத்தை இலவசமாகக் கொடுத்தார். எனக்கோ பத்து வாட்ஸ் என்றதும் எங்கள் வீட்டுப் படுக்கையறை நைட் லேம்ப்தான் கண் முன்னால் வந்தது. டாக்டரை நைட் லேம்ப்பை வைத்துத் தோற்கடிக்க முடியுமா?

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயி மோட்டார் வாங்க வந்தால் நான் முதலில் கேட்பது, “பக்கத்து வயக்காரரு என்ன போட்டிருக்காரு?” என்றுதான். அவர் அஞ்சு எச்.பி. போட்டிருந்தால் இவருக்கு ஏழரை. அவர் ஏழரை என்றால் இவருக்குப் பத்து. நம்ம போர்த் தண்ணீரை அவன் இழுத்துவிடுவானோ என்ற பயம் ஒருவருக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் விற்பவன் பேசவே வேண்டாம். அவருடைய போர் எத்தனை அடி, நிலம் எத்தனை மா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் சின்ன மோட்டாரே போதும் என்று தெரிந்துபோகும். என் வீட்டு மாடி இந்த ஒரு கேள்வியில் கட்டியது.

அதே கேள்வியைத்தான் திருச்சிக் கடைக்காரரிடம் நான் கேட்டேன், வாங்குகிற பக்கம் நின்றுகொண்டு.

“எங்க ஊர்ல ஒரு பல் டாக்டர் இருக்காரு. எலக்ட்ரிக் வாசிப்பாரு. அவரு எத்தனை வாட்ஸ் வச்சிருக்காரு?”

“தெரியலீங்களே சார்.”

மறைக்கிறார் என்று நினைத்தேன். கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த மூன்று சாயங்காலம் நான் செய்த வேலையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. டாக்டர் வீட்டு வாசலுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலில் அவர் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பது தெரிகிறது, கை அசைகிறது, ஆனால் சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. சரிதான், சினிமா ஒலிப்பதிவுக் கூடம் மாதிரி சுவருக்கெல்லாம் மெத்தை அடித்து, உள்ளே ராட்சச ஆம்ப்ளிபயர் வைத்திருக்கிறான் என்று தீர்மானித்தேன். வயிறு எரிந்த எரிச்சலில் பல் வலிகூடக் கொஞ்சம் மறந்தது.

கும்பகோணத்தில் ஓர் இன்னிசைக் குழு கலைந்து, சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே அது நின்றது. என் இடுப்பு உயரம். பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கர் இரண்டு.

“எத்தனை வாட்ஸ்?”

“நூறுங்க. மண்டபத்துல வாசிச்சா பந்தியில இருக்கறவனுக்கு இலை ஆடும்.”

விலையோ திருச்சியில் புதிதாக வாங்கும் சின்னப் பெட்டியின் விலைதான். அதே காசுக்குப் பத்து மடங்கு! வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, நான்கு பேர் தூக்கி மாடியில் வைத்தார்கள். மனைவி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “கதவு எந்தப் பக்கங்க?” என்றாள். பிரிட்ஜ் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முதல் வாசிப்பு. சத்தத்துக்கான குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்போதும் இல்லை. ஒரு மயிரிழை திருப்பித் தந்தியைத் தட்டினேன்.

அடுக்களை அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன. பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் – எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் – பாதி சவரம் செய்த முகத்தோடு தெருவுக்கு ஓடி வந்தார்.

“தம்பி, டிரான்ஸ்பார்மர் வெடிச்சிடுச்சு! மெயினை ஆஃப் பண்ணிடுங்க!”

ஆமாம் சார், நான்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அப்படித்தான் சார் தோணுது” என்று அவரோடு தெருமுனை வரைக்கும் போய், அண்ணாந்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்தேன். அவர் மின்வாரியத்துக்கு போன் செய்ய, லைன்மேன் வந்து, ஏறிப் பார்த்து இறங்கி, ஒன்றும் இல்லையே என்று தலையைச் சொறிந்தார். அந்த மனிதருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பாவத்துக்குப் பரிகாரம்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் சத்தத்தை அடக்கி வைத்துத்தான் வாசித்தேன். அடக்கினால் அது தலையணைக்குள் குறட்டை விடுகிற மாதிரி மந்தமாக இருக்கிறது. கொஞ்சம் தளர்த்தினால் தலைமையாசிரியர் வாசலுக்கு வருகிறார். மேலே இரண்டு கம்பளியும் ஒரு மெத்தையும் போர்த்திப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கிற எருமை மாதிரி உறுமியது. ஒரு வாரம் ஓடிவிட்டது. ஒரு வரிகூடப் பழகவில்லை. கன்னம் வீங்க ஆரம்பித்திருந்தது.

“டாக்டர் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க? பல்லையும் காட்டின மாதிரி இருக்கும்” என்றாள் மனைவி.

“அவன்கிட்டயா? அதுக்கு நான் கொட்டாங்குச்சியில தந்தி கட்டி வாசிப்பேன்.”

“அதையாவது வாசிங்க. சத்தம் கம்மியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபைகளில் இது பெரிய திருநாள். புது நெல் மூட்டை, பூசணிக்காய், வாழைத்தார், கோழி, வீட்டில் சுட்ட கேக், எவர்சில்வர் குடம் என்று அவரவர் முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். அந்த ஏலத்துக்கு ஒரு தனி மரபு உண்டு. யாரும் பொருளுக்காகக் கேட்க மாட்டார்கள், ஆளுக்காகத்தான் கேட்பார்கள். சம்பந்திக்கு எதிராகச் சம்பந்தி, சகலைக்கு எதிராகச் சகலை. ஒரு பூசணிக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். கடவுளுக்குத்தானே போகிறது என்று எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஏலம் விடுகிறவர் கொயர் மாஸ்டர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். நெல்லும் கோழியும் போன பிறகு அவர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருந்தது.

“கனடா போற நம்ம சபைக் குடும்பம் ஒண்ணு காணிக்கையாக் குடுத்திருக்காங்க. வீட்ல கிட்டார் பழகற ஆம்ப்ளிபயர். பத்து வாட்ஸ். ஐநூறுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்!”

எனக்கு அதன் மேல் எந்த ஆசையும் வரவில்லை. நூறு வாட்ஸ் முதலாளி நான். சாவகாசமாகக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு முன் வரிசையில் டாக்டரின் கை உயர்ந்தது.

“ஆயிரம்.”

அவ்வளவுதான். அவனுக்கு வேண்டுமென்றால் எனக்கும் வேண்டும். “ரெண்டாயிரம்!” என்று கத்தினேன். பல்லில் மின்னல் வெட்டியது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். கண்ணை அகலமாக விரித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ‘உங்களால் முடியாது’ என்கிறான்! “மூவாயிரம்!” என்றேன், என்னுடைய ஏலக் கேள்வியையே நான் தாண்டி. கொயர் மாஸ்டர்கூட ஒரு நொடி தடுமாறிப் போனார்.

“நாலு” என்றார் டாக்டர், தயங்கியபடி.

“அஞ்சு!”

டாக்டர் இப்போது பெண்கள் பக்கம் விரலைக் காட்டினார். உன் பெண்டாட்டி முன்னால் அவமானப்படாதே என்று அர்த்தமாம். நான் அந்தப் பக்கம் பார்த்தேன். என் மனைவி எழுந்து நின்று, முந்தானையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருட இசை வாழ்க்கையில் எனக்காக அவள் எழுந்து நின்றது அன்றைக்குத்தான். உள்ளம் குளிர்ந்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “எட்டு!” என்றேன். டாக்டர் ஒன்பது. நான் பத்து. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பத்தரை. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“பதினோராயிரம்!”

டாக்டர் எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே யாரையோ பார்த்துக் கையை விரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்!” கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. புதிதாகவே ஏழாயிரத்துக்குக் கிடைக்கிற பெட்டி. கொயர் மாஸ்டர் மைக்கிலேயே சொன்னார்: “இன்னும் ரெண்டு பேரு இந்த மாதிரி வந்தா இந்த வருஷமே கூரையை மாத்திடலாம்!”

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வெற்றி வீரனாகத் திரும்பியபோது டாக்டரும் என் மனைவியும் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். மனைவிதான் முதலில் வந்து சேர்ந்தாள்.

“ஏங்க, உங்களுக்குத்தாங்க வாங்கச் சொன்னேன்! நான் நிறுத்துங்க நிறுத்துங்கன்னு முந்தானையை ஆட்டறேன், நீங்க எனக்குக் கும்பிடு போடறீங்க!”

டாக்டர் மூச்சு வாங்கியபடி சொன்னார். “அண்ணே, அக்கா போன வாரம் பல்லுக்கு வந்திருந்தாங்க. வீட்ல பெரிய பெட்டி வச்சுக்கிட்டு அண்ணன் பழக முடியாமத் தவிக்கறாருன்னு சொன்னாங்க. நேத்து காணிக்கைச் சாமானெல்லாம் அடுக்கும்போது இது கண்ணுல பட்டுச்சு. பொருத்தமா இருக்குமேன்னு அக்காவுக்குப் போன் பண்ணினேன். எவ்வளவு ஆனாலும் விட்டுடாதீங்க தம்பி, பணம் நான் தர்றேன்னாங்க.”

“அப்ப நான் கேக்கறது தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?”

“சின்னப் பெட்டியை அவரு கையாலயும் தொட மாட்டாருன்னு அக்கா சொல்லியிருந்தாங்களே. வேற யாருக்கோ வாங்கறீங்கன்னு நினைச்சேண்ணே.”

அதாவது ஒரு பக்கம் என் சட்டைப் பை. மறுபக்கம் என் வீட்டு அஞ்சறைப் பெட்டி. ஒரே போரில் இரண்டு மோட்டாரை இறக்கி, எனக்கு எதிராக நானே இறைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் வலித்தது. வலித்ததில் கண்ணீர் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்ததால் என் முகம் எப்படி இருந்ததோ, டாக்டர் பயந்துபோய் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னண்ணே, இவ்வளவு வீங்கியிருக்கு! நாளைக்குக் காலையில கிளினிக் வந்துடுங்க.”

போனேன். நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை வைத்தார். என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. அப்போது பார்த்து அவர் பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். கொயர்ல நான் உங்க வலது கையைப் பார்த்துத்தான் வாசிக்கறேன். எனக்குத் தாளம் நிக்காதுண்ணே. தனியா விட்டா மூணாவது சரணத்துக்குள்ள வேகமா ஓடிடுவேன். நீங்க பாடிக்கிட்டே வாசிக்கறீங்க, கை மட்டும் கடிகாரம் மாதிரி போகுது. அதைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். ஈஸ்டருக்கு என்னைத் தனியா வாசிக்கச் சொன்னதும் எனக்குத் தூக்கமே வரல. அண்ணன் எலக்ட்ரிக் பழகறாருன்னு தெரிஞ்சதும்தான் உசிரு வந்துச்சு. எப்படியாவது உங்களைப் பழக வச்சுப் பக்கத்துல உட்கார வச்சுக்கணும்னுதான் அந்தப் பெட்டிக்கு அப்படி அலைஞ்சேன்.”

“ஆ” என்றேன். என் வாழ்க்கையில் பதிலுக்கு ஒரு நக்கல்கூட அடிக்காமல் நான் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

பஞ்சை எடுத்ததும் முதலில் நான் கேட்டது என்ன தெரியுமா? புத்தி எங்கே போகும்!

“தம்பி, நீங்க வீட்ல எத்தனை வாட்ஸ் வச்சிருக்கீங்க?”

“அதே பத்துதாண்ணே. அதுலயும் ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான். பக்கத்து ரூம்ல மாமியார் இருக்காங்கல்ல.”

ஸ்பார்க் பிளக்கைத் துடைத்த மூன்று சாயங்காலமும் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து போயின. இன்னொரு தடவை வாயைத் திறந்து பஞ்சை வைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு என் பழைய மரக் கிட்டாரோடுதான் போனேன். எலக்ட்ரிக் வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை சார், வாங்கியே ஒரு மாதம் ஆகவில்லை, அன்றைக்குச் சொன்னது பொய் என்று கொயர் மாஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன். டாக்டர் குறுக்கே வந்து, “அண்ணன் பக்கத்துல இல்லேன்னா நானும் வாசிக்கலை சார்” என்றார். இரண்டு கிட்டாரும் சேர்ந்து வாசித்தோம். கொயர் மாஸ்டர் இரண்டாவது நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். ஈஸ்டர் விடியலில் நான் ஜிங்சக் போட, அதன் மேல் அவர் அந்த ஒரு வரியை வாசித்தார், ஓடாமல். மனைவிக்குக் கண் கலங்கியதா என்று பார்த்தேன். இந்த முறை அவள் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் கலங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

நூறு வாட்ஸ் பெட்டி இப்போது என் கடையில் பில் புத்தகம் வைக்கிற மேஜை. புதிதாக வருகிற விவசாயிகள் அதைப் பார்த்து, “இது எத்தனை எச்.பி.ங்க?” என்று கேட்கிறார்கள். “பக்கத்து வயக்காரன் ஏழரை போட்டிருக்கான், எனக்குப் பத்து குடுங்க” என்று யாராவது நின்றால், “உங்க போர் எத்தனை அடி, அதைச் சொல்லுங்க முதல்ல” என்கிறேன். சிலர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். தினமும் சாயங்காலம் பத்து வாட்ஸ் பெட்டியின் குமிழைத் தொடும்போது எனக்கும் கை கொஞ்சம் கூடுதலாகத் திருப்பத்தான் பார்க்கிறது. அப்போதெல்லாம், எனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ள இன்னொருவர் வீட்டு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அந்த ஆளை நினைத்துச் சிரித்துக்கொண்டு, குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிடுகிறேன்.